கணினிக்குள் கணினி: கியூ-எமுவை மூலநிரலிலிருந்து கட்டிப் பார்ப்போம்

தீபாவளிக்கு மறுநாள் பினாங்கின் பிறை நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் இந்த ஆண்டுதான் பாலிடெக்னிக்கில் கணினிப் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பழைய கணினிதான். 4 கோர், 8 ஜிபி நினைவகம். டெபியன் லினக்ஸ் போட்டிருந்தாள்.

“மாமா, அடுத்த செமஸ்டருக்குள்ள விஎம் ஓட்டத் தெரிஞ்சிருக்கணுமாம். கணினிக்குள்ள கணினின்னு சொல்றாங்க. சரி, அந்த உள்ளே இருக்கிற கணினி எங்கே இருக்கு?”

நல்ல கேள்வி. விஎம் எனப்படும் மெய்நிகர் கணினியைப் பற்றிச் சொல்லும்போது பெரிய பெட்டிக்குள் சின்னப் பெட்டி என்று படம் போட்டுக் காட்டுவார்கள். அந்தப் படம் “எங்கே” என்ற கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளை மூலநிரலிலிருந்து, அதாவது அதை எழுதியவர்களின் நிரல் வரிகளிலிருந்து, நாமே ஒரு தடவை கட்டிப் பார்த்தால் பதில் தானாகக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அன்று மாலை முழுக்க இருவரும் அதைத்தான் செய்தோம். முதல்முறை முயல்பவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஓர் இயங்குதளத்தின் பார்வையில் கணினி என்றால் என்ன? ப்ராசசர், நினைவகம், வட்டு, நெட்வொர்க் அட்டை, திரை. ஆனால் லினக்ஸோ விண்டோஸோ இவற்றைக் கண்ணால் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட முகவரியில் ஓர் எண்ணை எழுதும். பதிலுக்கு ஓர் எண் வரும். “இந்த வட்டில் இத்தனையாவது பகுதியைக் கொடு” என்று கேட்கும், தரவு வரும். கேட்டதற்குச் சரியான பதில் வருகிற வரை, பதில் சொல்வது உண்மையான சில்லா, இன்னொரு ப்ரோக்ராமா என்று அது கவலைப்படுவதில்லை. அப்படிப் பதில் சொல்லும் ப்ரோக்ராம்தான் மெய்நிகர் கணினி மென்பொருள். வெளியே இருக்கும் உண்மையான கணினியை ஹோஸ்ட் என்பார்கள். உள்ளே ஓடும் இயங்குதளத்தைக் கெஸ்ட் என்பார்கள். வீட்டுக்காரரும் விருந்தாளியும்.

நாங்கள் எடுத்துக்கொண்டது கியூ-எமு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2003இல் தொடங்கியது. வீடியோ வேலை செய்பவர்கள் தினமும் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைத் தொடங்கியவரும் அவர்தான். ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்கள் சோதித்துப் பார்க்கும் எமுலேட்டருக்கும் கியூ-எமுதான் அடிப்படை. பெயர் தெரியாமலே நிறையப் பேர் அதைப் பயன்படுத்தியிருப்பார்கள்.

இதில் புரிந்துகொள்ள வேண்டிய பெரிய விஷயம் ப்ராசசர். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். சின்ன வயதில் பாட்டியுடன் சௌராஸ்தா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவோம். மீன்காரர் ஹொக்கியன் என்ற சீன மொழிதான் பேசுவார். பாட்டிக்குத் தமிழ் மட்டும்தான். நடுவில் சித்தப்பா நின்று ஒவ்வொரு வாக்கியமாக மாற்றிச் சொல்வார். பாட்டி ஒன்று கேட்பார், சித்தப்பா அதை ஹொக்கியனில் சொல்வார், பதிலைத் தமிழில் திருப்பிச் சொல்வார். வேலை நடக்கும், ஆனால் நேரம் எடுக்கும். “விலையைக் குறைச்சுப் போடச் சொல்லு” என்பது மட்டும் சித்தப்பாவுக்குப் பழகிப்போன வாக்கியம். பாட்டி வாயைத் திறக்கும்போதே அவர் ஹொக்கியனில் சொல்லி முடித்திருப்பார்.

கியூ-எமு தனியாக ஓடும்போது இதைத்தான் செய்கிறது. கெஸ்ட் ஓட்ட நினைக்கும் கட்டளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஹோஸ்டின் ப்ராசசருக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றி ஓட்டுகிறது. மாற்றியதைச் சேமித்தும் வைத்துக்கொள்கிறது. அதே பகுதி மறுபடி வந்தால் மறுபடி மாற்ற வேண்டியதில்லை. இந்த மொழிபெயர்ப்புப் பகுதிக்கு டிசிஜி என்று பெயர், டைனி கோட் ஜெனரேட்டர் என்பதன் சுருக்கம். இதில் ஒரு பெரிய வசதி உண்டு: கெஸ்டும் ஹோஸ்டும் வேறு வேறு மொழி பேசலாம். இன்டெல் மடிக்கணினியில் ஆர்ம் ப்ராசசருக்கு எழுதிய லினக்ஸை ஓட்டலாம். விலை என்னவென்றால் வேகம்.

இருவருக்கும் ஒரே மொழி தெரிந்திருந்தால்? அப்போது சித்தப்பா தேவையில்லை, பாட்டியே நேரடியாகப் பேசிவிடலாம். கெஸ்டும் ஹோஸ்டும் ஒரே வகை ப்ராசசருக்கு எழுதப்பட்டவை என்றால், கெஸ்டின் கட்டளைகளை நிஜ ப்ராசசரிலேயே நேராக ஓடவிடலாம். ஆனால் ஓர் ஆபத்து இருக்கிறது. கெஸ்ட் தன்னையே அந்தக் கணினியின் முழு எசமான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கட்டுப்பாடில்லாமல் விட்டால் ஹோஸ்டின் நினைவகத்திலும் வட்டிலும் கை வைத்துவிடும். அதைத் தடுக்க ப்ராசசரே உதவ வேண்டும். இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் அந்த உதவியைத் தங்கள் சில்லுகளில் சேர்த்தன. சாதாரணக் கட்டளைகள் முழு வேகத்தில் ஓடும். கெஸ்ட் ஒரு சாதனத்தைத் தொட நினைக்கும் கணத்தில் ப்ராசசர் அதை நிறுத்தி, கட்டுப்பாட்டை ஹோஸ்டிடம் திருப்பிக் கொடுத்துவிடும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் இந்த வசதியைப் பயன்படுத்தும் பகுதிதான் கேவிஎம். 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 பதிப்பிலிருந்து அது கெர்னலோடே வருகிறது.

ஆக, வேலைப் பிரிவினை இதுதான்: கெஸ்டின் கட்டளைகளை நிஜ ப்ராசசரில் ஓட்டுவது கேவிஎம் பொறுப்பு. வட்டு, நெட்வொர்க், திரை போல நடித்துப் பதில் சொல்வது கியூ-எமு பொறுப்பு.

நம் கணினியில் அந்த வசதி இருக்கிறதா என்று பார்க்க, ப்ராக் அடைவில் உள்ள சிபியு-இன்ஃபோ கோப்பைத் திறந்து, ப்ராசசரின் வசதிகளைச் சொல்லும் நீளமான ஃபிளாக் வரிசையில் தேட வேண்டும். இன்டெல் என்றால் விஎம்எக்ஸ் என்ற சொல் இருக்கும், ஏஎம்டி என்றால் எஸ்விஎம். எங்களுக்கு விஎம்எக்ஸ் கிடைத்தது. அதைத் திரையில் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் சிப் சோதிக்கும் வேலை பார்த்தவள் அவள். விடியற்காலையில் கில்லாங் பஸ், அதாவது தொழிற்சாலைப் பஸ், பிடித்துப் போவாள். இன்டெல் தன் நாட்டுக்கு வெளியே முதன்முதலாகத் தொழிற்சாலை போட்டதே 1972இல் இங்கே பினாங்கில்தான். ஏஎம்டியும் அதே காலத்தில் வந்தது. மகளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பேச்சில் அரை மணி நேரம் போனது, வேலை கொஞ்சம் தாமதமானது.

சரி, இனி கட்டும் வேலை.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். மெய்நிகர் கணினி ஓட்டினால் மட்டும் போதும் என்பவர்கள் மூலநிரலைத் தொடவே வேண்டாம். உங்கள் லினக்ஸின் பொதிக் களஞ்சியத்தில் கியூ-எமு தயாராக இருக்கிறது, ஒரு கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். மூலநிரலிலிருந்து கட்டுவது புதிய பதிப்பு வேண்டும் என்பவர்களுக்கும், உள்ளே ஏதாவது மாற்ற நினைப்பவர்களுக்கும், எது எங்கே இருக்கிறது என்று அறிய விரும்புபவர்களுக்கும்தான். எங்களுக்கு மூன்றாவது காரணம்.

மூலநிரலை இரண்டு வழியில் பெறலாம். கிட்லேப் தளத்தில் இருக்கும் களஞ்சியத்தைக் கிட் என்ற கருவி மூலம் நகலெடுக்கலாம். இல்லாவிட்டால் கியூ-எமு தளத்தில் வெளியிடப்பட்ட பதிப்பைச் சுருக்கிய கோப்பாக இறக்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் செய்பவர்கள் கிட் நகலில் பழைய வரலாறு முழுவதையும் இழுக்காமல், கடைசி நிலையை மட்டும் எடுக்கும் ‘டெப்த் 1’ தெரிவைப் போட்டுக்கொள்ளுங்கள். வட்டில் சில ஜிபி காலியாக இருக்கட்டும்.

பிறகு மூன்று படிகள். ‘கன்ஃபிகர்’ என்ற ஸ்கிரிப்ட் உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும். அது பின்னால் மீசான் என்ற கருவியை அழைத்து வேலைப் பட்டியல் ஒன்றை எழுதும். நிஞ்சா என்ற கருவி அந்தப் பட்டியலை எடுத்து ஒவ்வொரு கோப்பாகக் கம்பைல் செய்யும், அதாவது ப்ராசசர் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும். முதல் படிதான் எல்லோரையும் அலைக்கழிக்கும். மற்ற இரண்டும் பெரும்பாலும் தாமாக நடந்துவிடும்.

கன்ஃபிகரை முதல்முறை ஓட்டியதும் பைத்தான் பகுதி ஒன்று இல்லை என்று நின்றது. கியூ-எமு தனக்கென ஒரு தனிப் பைத்தான் சூழலை உருவாக்கிக்கொள்ளும். டெபியனில் அதற்கு ‘பைத்தான்3-வென்வ்’ பொதி வேண்டும். நிறுவினோம். அடுத்து ஜிலிப் என்ற லைப்ரரி இல்லை என்றது.

“இருக்கே மாமா! இப்பத்தான் தேடிப் பார்த்தேன், ஏற்கெனவே இன்ஸ்டால் ஆயிருக்கு.”

இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலர் கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். லைப்ரரி என்பது பல ப்ரோக்ராம்கள் பகிர்ந்து பயன்படுத்தும் தயார் நிரல். அதற்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒன்று, ஏற்கெனவே கட்டி முடித்த ப்ரோக்ராம்கள் ஓடும்போது பயன்படுத்தும் பாதி. அது பெரும்பாலும் கணினியில் ஏற்கெனவே இருக்கும். இன்னொன்று, புதிதாக ஒரு ப்ரோக்ராமைக் கட்டும்போது கம்பைலருக்குத் தேவைப்படும் பாதி: இந்த லைப்ரரியில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் எப்படிக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்த ஹெடர் கோப்புகள். சாப்பிட வருகிறவருக்குச் சமைத்த சாப்பாடு போதும். சமைக்கப் போகிறவருக்குப் பக்குவக் குறிப்பு வேண்டும். டெபியனும் உபுண்டுவும் இந்த இரண்டாம் பாதியைத் தனிப் பொதியாக வைத்து, பெயரின் கடைசியில் ‘டெவ்’ என்று சேர்த்திருக்கும். ஃபெடோராவில் ‘டெவல்’. ஆகவே “இல்லை” என்று கன்ஃபிகர் சொன்னால், அதே பெயரில் டெவ் பொதி இருக்கிறதா என்று தேடுங்கள். பத்துக்கு ஒன்பது தடவை அதுதான் பதில்.

‘பில்ட்-டெப்’ என்ற கட்டளை கொடுத்தால் தேவையான எல்லா டெவ் பொதிகளும் ஒரேயடியாக வந்துவிடும். மூலப் பொதிகளுக்கான களஞ்சிய வரியைத் திறந்து வைத்திருந்தால் போதும். அவசரத்துக்கு நல்ல வழி. முதல்முறை மட்டும் ஒவ்வொன்றாகச் சேர்க்கும்படி சொல்வேன். ஏன் என்று கீழே தெரியும்.

அடுத்தது, எதைக் கட்டுவது என்ற தேர்வு. ஒன்றும் சொல்லாவிட்டால் கியூ-எமு தனக்குத் தெரிந்த எல்லாக் கணினி வகைகளையும் கட்டத் தொடங்கிவிடும். ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ், மிப்ஸ், பவர்பிசி என்று பட்டியல் நீளம். பழைய மடிக்கணினியில் பொழுது விடிந்துவிடும். ‘டார்கெட்-லிஸ்ட்’ என்ற தெரிவில் நமக்கு வேண்டிய ஒன்றை மட்டும் குறிப்பிட்டோம்: 64 பிட் எக்ஸ்86. அந்தப் பெயரின் பின்னால் ‘சாஃப்ட்எம்எம்யு’ என்று வந்தால் முழுக் கணினி என்று பொருள். ‘லினக்ஸ்-யூசர்’ என்று வந்தால் முழுக் கணினி கிடையாது, வேறு ப்ராசசருக்கான தனி ப்ரோக்ராம்களை ஓட்டும் சின்ன வடிவம்.

கன்ஃபிகர் முடியும்போது நீளமான பட்டியல் ஒன்று வரும். ஒவ்வொரு வசதிக்கும் நேராக ‘யெஸ்’ அல்லது ‘நோ’. தயவுசெய்து அதைப் படியுங்கள். நீங்கள் கட்டப்போகும் கணினிக்கு எந்தெந்த உறுப்பு இருக்கும், எது இருக்காது என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்கிறது. நான் வேண்டுமென்றே அவளிடம் ஒன்றும் சொல்லாமல், அப்படியே நிஞ்சாவை ஓட்டச் சொன்னேன். எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டி ஓடியது. மின்விசிறி சத்தம் போட்டது. கால் மணி நேரத்தில் முடிந்து, ‘பில்ட்’ அடைவுக்குள் கியூ-எமு உருவாகியிருந்தது. அதைக் கணினியில் நிறுவ வேண்டும் என்றுகூட இல்லை. அந்த அடைவிலிருந்தே ஓட்டலாம். களஞ்சியத்திலிருந்து வந்த கியூ-எமுவோடு மோதாமல் இருக்க அதுவே நல்லது.

கெஸ்ட்டாக ஆல்பைன் லினக்ஸை எடுத்தோம். மெய்நிகர் கணினிக்கென்றே அவர்கள் தரும் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பு 100 எம்பிக்கும் குறைவு. வட்டு வேண்டுமே? கியூ-எமுவோடு சேர்ந்து வரும் ‘கியூ-எமு-இமேஜ்’ கருவியால் 20 ஜிபி வட்டு ஒன்றை உருவாக்கினோம். பிறகு அந்தக் கோப்பின் அளவைப் பார்க்கச் சொன்னேன். சுமார் 200 கிலோபைட்! 20 ஜிபி என்பது கெஸ்டுக்குச் சொல்லும் கணக்கு. அது எழுத எழுத கோப்பு வளரும். இந்த வகைக் கோப்புக்குக் கியூகவ்2 என்று பெயர். “எங்கே இருக்கு” என்ற கேள்வியில் வட்டுக்கான பதில் கிடைத்துவிட்டது: அவளுடைய ஹோம் அடைவில், ஒரு சாதாரணக் கோப்பாக.

ஓட்டியதும் சன்னல் எதுவும் திறக்கவில்லை. விஎன்சி (வேறொரு செயலியால் திரையைப் பார்க்கும் வழி) சர்வர் 5900ஆம் போர்ட்டில் ஓடுகிறது என்று டெர்மினலில் ஒரு வரி மட்டும் வந்தது. கன்ஃபிகர் பட்டியலுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தோம். ஜிடிகேவுக்கு நேராக ‘நோ’. சன்னல் வரையத் தேவையான லைப்ரரியின் டெவ் பொதி இல்லை, அதனால் இந்தக் கணினிக்குத் திரை இல்லாமல் போயிற்று. பொதியைச் சேர்த்து மறுபடி கட்டினோம். சன்னல் வந்தது. எழுத்து எழுத்தாக ஊர்ந்தது, அதோடு நினைவகம் போதாமல் திணறியது. நினைவகம் எவ்வளவு என்று நாம் சொல்லாவிட்டால் கியூ-எமு 128 எம்பி மட்டும்தான் கொடுக்கும். 2 ஜிபி என்று கொடுத்தோம். வேகத்துக்கு ‘எனேபிள்-கேவிஎம்’ சேர்த்தோம். அனுமதி மறுக்கப்பட்டது என்று பதில் வந்தது.

இங்கே பிழைச் செய்தியைக் கவனித்துப் படிக்க வேண்டும். ‘அனுமதி இல்லை’ என்று வந்தால், கேவிஎம் இருக்கிறது, உங்கள் பயனர் கணக்குக்கு அதைத் தொட உரிமை இல்லை என்று பொருள். கணக்கை ‘கேவிஎம்’ குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் சரியாகிவிடும். ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று வந்தால் விஷயம் வேறு. பெரும்பாலும் பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகளில், மெய்நிகராக்கம் அணைக்கப்பட்டிருக்கும், அங்கே போய்த் திறந்துவிட வேண்டும். எங்களுக்கு முதல் வகைதான். குழுவில் சேர்த்ததும் ஆல்பைன் சில நொடிகளில் எழுந்து நின்றது. கேவிஎம் சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் இருந்த வேகத்தைப் பார்த்தவளுக்கு, சித்தப்பா கதையை மறுபடி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கடைசியாக நெட்வொர்க். ‘யூசர்’ வகை நெட்வொர்க் வேண்டும் என்று கட்டளையில் கேட்டபோது, அது இந்தக் கியூ-எமுவில் சேர்த்துக் கட்டப்படவில்லை என்று நின்றுவிட்டது. இப்போது அவளே பட்டியலைத் திறந்தாள். “ஸ்லிர்ப்புக்கு நோ, மாமா.” ‘யூசர்’ வகை நெட்வொர்க்கை நடத்தும் லைப்ரரிதான் ஸ்லிர்ப். முன்பு அது கியூ-எமுவின் மூலநிரலோடே வந்துகொண்டிருந்தது. 2022 டிசம்பரில் வந்த 7.2 பதிப்பிலிருந்து அதை நாம் தனியாக நிறுவிக்கொள்ள வேண்டும். பழைய வழிகாட்டியைப் பார்த்துச் செய்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. டெவ் பொதி, மறுபடி கன்ஃபிகர், மறுபடி நிஞ்சா. கெஸ்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைத்தது. இந்த வகை நெட்வொர்க்கில் கெஸ்ட் அனுப்புவதையெல்லாம் கியூ-எமு வாங்கி, தானே அனுப்புவதுபோல வெளியே அனுப்பும். ஃபிளாட்டில் உள்ளவர்கள் கடிதங்களைக் கீழே காவலரிடம் கொடுக்க, அவர் எல்லாவற்றையும் தபாலில் சேர்ப்பதுபோல. அதனால்தான் இணைப்பைச் சோதிக்கும் ‘பிங்’ கட்டளை பெரும்பாலும் வேலை செய்யாது. அதைப் பார்த்து இணையம் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வலைப்பக்கம் ஒன்றை இறக்கிப் பாருங்கள், வரும்.

எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு டெர்மினலில், ஓடும் ப்ரோக்ராம்களைப் பட்டியலிடும் ‘டாப்’ கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். உலாவிக்கும் பாட்டுக் கேட்கும் செயலிக்கும் நடுவில் கியூ-எமு ஒரு வரியாக இருந்தது. கெஸ்டின் நினைவகம் என்பது அந்த ப்ரோக்ராமின் நினைவகம். கெஸ்டின் ஒவ்வொரு ப்ராசசரும் அதில் ஒரு திரெட், அதாவது அதற்குள் தனியாக ஓடும் ஒரு வேலை இழை. அந்த வரியைக் ‘கில்’ செய்தால் கெஸ்டுக்கு மின்சாரம் போனதுபோல. செய்து பார்த்தாள். சன்னல் மறைந்தது.

“அப்போ ப்ராசசர் பேரு? உள்ளே போய்க் கேட்டா என்ன சொல்லும்?”

மறுபடி ஓட்டி, கெஸ்டின் சிபியு-இன்ஃபோவைத் திறந்தோம். ‘கியூ-எமு விர்ச்சுவல் சிபியு’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் மூலநிரலில் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். ‘டார்கெட்’ அடைவுக்குள் ஐ386, அதற்குள் சிபியு என்ற சி கோப்பு. மேற்கோள் குறிக்குள் அதே எழுத்துகள். அவள் அவற்றை அழித்துவிட்டு, ஆங்கில எழுத்தில் தன் அம்மா பெயரையும் பாயான் லெப்பாஸ் என்பதையும் எழுதினாள். ப்ராசசர் பெயருக்கு 48 பைட்தான் இடம், அதற்குள் அடங்கியது. பெயரைக் கட்டளையிலேயே மாற்றவும் தெரிவு உண்டு, ஆனால் அன்றைக்கு அது எங்களுக்குத் தேவைப்படவில்லை. நிஞ்சா இந்தத் தடவை ஆயிரம் கோப்புகளைத் தொடவில்லை. மாறியது எது என்று பார்த்து, அதை மட்டும் கம்பைல் செய்து, இணைத்து முடித்தது. சில நொடிதான்.

அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து திரையில் தன் பெயரைப் படித்தாள். இது எந்தக் கில்லாங்கில் செய்த சிப் என்று கேட்டாள். மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு அம்மாவை உட்கார வைத்து, அந்த வரியைத் திறந்து காட்டினாள்.